பீருக்குப் போன குருணை

முதலாளி என்னைக் கூப்பிட்டு, பீர் குடிக்கச் சொன்னார். இருபத்தாறு வருடமாக அவருடைய ரைஸ் மில்லில் குவாலிட்டி பார்க்கிறேன். அதுவரை நான் டீ குடிக்கப் போனால்கூட மணி பார்க்கிற மனிதர்.

"நான் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன். நீதான் குடிச்சுப் பாத்து நாலு நல்ல வார்த்தை சொல்லணும். மேடம் வருஷம் பூரா குருணை எடுக்கறேன்னு சொல்றாங்க. கெடுத்துடாதே."

குருணை என்பது அரவையில் உடைகிற அரிசி. மேடம் என்பது ஜெனிபர். வேளாங்கண்ணிக்காரர், புதுச்சேரியில் சின்ன அளவில் பீர் காய்ச்சுகிறார். நாங்கள் அனுப்பிய குருணையை பார்லியோடு சேர்த்து, பெல்ஜியம் ஈஸ்ட் போட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஏதோ பூவை அள்ளிக் கொட்டி, முதல் பேட்ச்சைக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு டேஸ்டிங் கன்சல்டன்ட். எங்கள் ஆபீஸ் புழுக்கத்தில் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரின் நாக்கை நான் எப்படி நம்புவது?

அவர் கிளாஸைச் சுழற்றினார். கண்ணை மூடினார். "ஆரஞ்சுத் தோல்... கிராம்பு... பின்னாடி மெதுவா ஒரு வாழைப்பழம்" என்றார். வாழைப்பழம் எங்கள் கேட்டுக்கு எதிர்க் கடையிலேயே தார் தாராகத் தொங்குகிறது. அதற்காகப் பெல்ஜியம்வரை போக வேண்டியதில்லை.

நானும் ஒரு மடக்கு குடித்தேன். வேப்பம்பூ ரசத்தை ஃபிரிட்ஜில் வைத்து சோடா கலந்ததுபோல் இருந்தது.

"எப்படி சார் இருக்கு?" என்றார் ஜெனிபர்.

"ஜில்லுன்னு இருக்குங்க மேடம்."

முதலாளி முறைத்தார். "ரொம்ப நல்ல ஜில்லு" என்று திருத்திக்கொண்டேன்.

இரண்டாவது மடக்கைத் தள்ளிப்போட, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுதான் வம்பாகிவிட்டது. அரிசி பார்க்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து, வாயால் சூடாக ஊதி மோந்து பார்ப்போம். சூடு பட்டால்தான் ஒளிந்திருக்கிற வாடை வெளியே வரும். கைச்சூட்டில் பீரும் அதையே செய்தது. கிராம்புக்கும் வாழைப்பழத்துக்கும் அடியிலிருந்து ஒரு வாடை ஏறி வந்தது. மழையில் நனைந்த நெல் படுதாவுக்குள் இரண்டு நாள் புழுங்கிய வாடை.

கன்சல்டன்ட்டுக்கும் அது எட்டிவிட்டது. "ஆ... மண்வாசனை. இதுதான் பெல்ஜியம் கேரக்டர்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அது பெல்ஜியம் இல்லை. ஒரத்தநாடு.

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த நெல்லுக்கு டிரையரில் இடமில்லை. படுதாவுக்குள் கிடந்து, காய்ந்து, அரைபட்டு, அந்தக் குருணை என் மேஜைக்கு வந்தது. மோந்தேன். தெரிந்தது. சோற்றுக்குப் போகிற அரிசி என்றால் நிறுத்தியிருப்பேன். பீருக்குத்தானே, எப்படியும் ஊறவைத்துப் புளிக்கவிடப் போகிறார்கள், எவனுக்குத் தெரியப்போகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆர்டர் வந்துவிடும். என் பெயரும் கெடாது. ஆனால் ஜெனிபர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாசனை இதுல வரக் கூடாது சார். ஈஸ்ட்தான் கெட்டுப்போச்சு போல. ஊருக்குப் போனதும் எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிடப் போறேன்."

"ஈஸ்ட் மேல தப்பில்லைங்க மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சாம்பிள் பாக்கெட் எடுத்து வைப்போம். அலமாரியிலிருந்து அதைக் கொண்டுவந்து பிரித்தேன். ஜெனிபர் ஒரு கைப்பிடி எடுத்து, நான் சொன்னபடி ஊதி மோந்தார். பிறகு கிளாஸை மோந்தார். எழுந்துபோய் பீரை வாஷ்பேசினில் கொட்டினார்.

"அப்ப அந்த மண்வாசனை?" என்றார் கன்சல்டன்ட்.

"நோட்டுல அதை அடிச்சிடுங்க சார்" என்றார் ஜெனிபர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உன் மூக்கை நம்பித்தானேய்யா மில்லை ஓட்டறேன்?"

"மூக்கு சரியாத்தான் சொல்லுச்சு முதலாளி. கைதான் கேக்கல."

மாலை போட்டிருந்ததால் அவரால் திட்ட முடியவில்லை. "சாமியே சரணம்" என்று மட்டும் சொன்னார். அதை அத்தனை கடுப்போடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"வருஷ ஆர்டர் இப்ப கிடையாது" என்றார் ஜெனிபர். "ஒரே ஒரு லாட் அனுப்புங்க. இந்தத் தடவை உங்க வீட்டுல வடிக்கற அரிசின்னு நெனச்சுப் பாருங்க."

அப்படித்தான் பார்த்து அனுப்பினேன். தை மாதம் பாட்டில் வந்தது. முதலாளி மாலையைக் கழற்றியிருந்தும் "நீயே குடி" என்றார். சூடேறும்வரை கிளாஸைக் கையில் வைத்திருந்து குடித்தேன். ஆரஞ்சுத் தோல் இருந்தது. கிராம்பு இருந்தது. அந்தப் பாழாய்ப்போன வாழைப்பழமும் இருந்தது. ஒரத்தநாடு இல்லை.

"புடிச்சிருக்கா சார்?" என்று போனில் கேட்டார் ஜெனிபர்.

"புடிக்கலைங்க மேடம். ஆனா குத்தம் ஒண்ணும் இல்லை."

"அது போதும் சார். லோடு அனுப்பச் சொல்லுங்க."

இதைக் காசு கொடுத்துக் குடிக்கிறவர்களை இன்னமும் இளக்காரமாகத்தான் நினைக்கிறேன். அவர்களுக்குப் போகிற குருணையை மட்டும் இரண்டு தடவை மோந்து பார்க்கிறேன்.