கிரேன்காரம்மா ரொட்டியை விட்ட கதை

கட்டடம் ஏற ஏற அதோடு சேர்ந்து தானும் ஏறுகிற வேலை கிரேன்காரம்மாவுக்கு. காலையில் ஏணியில் கால் வைத்தால், உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஏறிவிட்டால் சாயங்காலம்தான் இறக்கம். கீழே கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டியையும் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். அவள் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பூப்போலத் தூக்கி, வேண்டிய மாடியில் பூப்போல இறக்குவாள்.

கூண்டில் அவளுக்குத் துணை ரொட்டியும் பிஸ்கட்டும், பிளாஸ்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும்தான். நடக்க இடமில்லாத, பேச ஆளில்லாத இடத்தில் வாய்க்கு வேறென்ன வேலை? உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. "வர வர இந்தக் கூண்டு சின்னதாயிட்டே போகுது" என்று வயர்லெஸ்ஸில் சொல்லி அவளே சிரிப்பாள்.

கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். மறு வருஷம் இன்னொன்றையும் சேர்த்தார். அப்படியும் சர்க்கரை இறங்குகிற வழியைக் காணோம்.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா உங்களை மேல அனுப்ப முடியாதும்மா. கீழதான் வேலை" என்றார் மேனேஜர். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் மேலே இருக்கும்போது அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காற்று, கம்பிக் கயிறு, கொக்கி, அவள். அந்த இடத்தை விட்டு இறங்குவதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி வீட்டுக்கு வந்தான். இறைச்சிக் கடை வைத்திருப்பவன். முந்தின வருஷம்வரை வாசற்படியில் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தவன், இப்போது இடுப்புப் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, சர்க்கரை, எல்லாத்தையும் தூக்கிப் போடு. முட்டை சாப்பிடு, கறி சாப்பிடு, கீரையில வெண்ணெயை அள்ளிப் போட்டுச் சாப்பிடு. கொழுப்பைப் பார்த்துப் பயப்படாத. இத்தனை நாளா நம்மள ஏமாத்தினதே மாவும் சர்க்கரையும்தான்."

அடுப்படியிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். தையல்காரர். வீட்டோடு கடை என்பதால் சமையலும் அவர் பொறுப்பு. அப்பாவை மாரடைப்புக்குப் பறிகொடுத்த நாளிலிருந்து அவருக்கு எண்ணெய் என்றாலே எமன். குழம்பில் மிதப்பதைக் கரண்டியால் ஒத்தி ஒத்தி எடுத்துக் கொட்டிவிட்டுத்தான் பரிமாறுவார்.

"உங்க அக்காவுக்குக் கொழுப்பு ஏற்கெனவே ஜாஸ்தி. நீ வேற ஏத்திவிடப் போறியா?"

"அது வாய்க்கொழுப்பு மாமா. நான் சொல்றது வேற."

கிரேன்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் செஞ்சு பார்க்கிறேன்" என்றாள். அவள் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அப்புறம் அதற்கு அப்பீல் கிடையாது. தையல்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே முட்டை வேகவைத்தார்.

முதல் சில நாள் தலை விண்விண் என்று தெறித்தது. எரிச்சல் வேறு. வயர்லெஸ்ஸில் யார் கூப்பிட்டாலும் வள்ளென்று விழுந்தாள். அதற்குப் பிறகு, சொல்லி வைத்தாற்போல உடம்பு லேசானது. பத்து மணிக்கெல்லாம் பிஸ்கட்டைத் தேடிய கை சும்மா கிடந்தது. மத்தியானம் கண் சொருகுவது நின்றது. ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது போய் ஒரே மூச்சில் ஏறினாள். கூண்டிலிருந்த பிஸ்கட் டப்பாவையும் மிட்டாயையும் ஒன்று விடாமல் கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம் பாதி, பரிசோதனையன்று ரிசல்ட்டைக் காட்டி அசத்தலாம் என்ற ஆசை பாதி. இரண்டு மாத்திரைகளையும் பழைய அளவிலேயே வேளை தவறாமல் விழுங்கிவந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் தள்ளப்போனவளுக்கு விரல்கள் நடுங்கின. வெயிலால் என்று நினைத்தாள். ஆனால் வியர்வை சில்லென்று வழிந்தது. நெஞ்சு படபடத்தது. கீழே நிற்கும் ஆட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். அந்த நிலையிலும் கை தன் வேலையை மறக்கவில்லை. பாரத்தை ஆள் இல்லாத காலி இடத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள்.

"எனக்கு முடியல. கீழ யாரையும் நிக்க விடாத" என்றாள் வயர்லெஸ்ஸில். நாக்கு குழறியது.

அந்தப் பக்கம் சிக்னல் கொடுப்பவர். ஓயாமல் பேசுவதால் எல்லாரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் என்றால் அவருக்கு உதறல். அதனால்தான் கீழே நின்று கொடி காட்டும் வேலையையே கேட்டு வாங்கினார். "அக்கா, என்ன பண்ணுது? சுகரா? மேல இனிப்பு ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல... எல்லாத்தையும் கொடுத்துட்டேனே."

ரேடியோ யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஆட்களை விலகச் சொல்லிக் கத்திவிட்டு, கடையிலிருந்து ஜூஸ் பாட்டிலை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறினார். கீழே பார்க்காமல், வாய் மூடாமல் ஏறினார். "வந்துட்டேன்க்கா, தூங்கிடாதீங்க, பேசிட்டே இருங்க" என்று அவர் சொன்னது பாதி அவளுக்கு, பாதி தனக்கு. கூண்டுக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது, அவர் முகம் அதைவிட வெளுத்திருந்தது. பாட்டிலை அவள் வாயில் வைத்து, மிடறு மிடறாகக் குடிக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாகத் தெரிந்த ரேடியோ ஒன்றானார்.

"ஒரு ரேடியோவே அதிகம்" என்றாள் அவள் மெல்ல. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாற்று ஆள் ஏறிப் பாரத்தை இறக்கினார். கிரேன்காரம்மா இறங்கி நேராக மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெயில் மயக்கம் என்று சொல்லியிருந்தால் யாரும் கிளறியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாரத்துக்கு அடியில் யாராவது நின்றிருந்தால் என்ற நினைப்பு அவளைப் பொய் சொல்லவிடவில்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கீழேதான் வேலை.

டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாப்பாட்டை மாத்தினது தப்பில்லைம்மா. சர்க்கரை ஏறாத சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, அதை இறக்குற மாத்திரையை அதே அளவுல போட்டா என்ன ஆகும்? முன்னாடியே வந்து சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே."

"திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

"இப்பத் திட்டுறேன், போதுமா?"

ஒரு மாத்திரையை நிறுத்தினார், இன்னொன்றைத் தொடரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது தையல்காரரும் தம்பியும் கூடவே போனார்கள். இரண்டு பேருக்கும் தன் கட்சி ஜெயிக்க வேண்டும். சர்க்கரை அழகாக இறங்கியிருந்தது. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது. தையல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாருக்கும் இப்படி ஏறாது. இவங்களுக்கு ஏறியிருக்கு, அதைச் சும்மா விட முடியாது" என்றார் டாக்டரம்மா. "கொழுப்பே வேண்டாம்னு சொல்லல. வெண்ணெயையும் கொழுப்புக் கறியையும் குறைச்சுட்டு மீன், பாதாம், வேர்க்கடலை, சமையலுக்கு எண்ணெய்னு மாத்துங்க. காய்கறி நிறைய. ரொட்டியை இவங்க தொடாம இருக்கிறது நல்லாத்தான் இருக்கு."

வெளியே வந்ததும் தம்பி முணுமுணுத்தான். "என் கடைக் கறிக்கே வேட்டு வச்சுட்டாங்க."

"நீ போய் முதல்ல உன் ரத்தத்தைக் கொடு" என்றாள் அக்கா. அவன் அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அதை மாமாவிடம் போன் போட்டு இரண்டு தடவை சொன்னான்.

தையல்காரர் எண்ணெயை ஒத்தி எடுப்பதை விட்டார். முதல் நாள் மீனை எண்ணெயில் போடும்போது அவருக்குக் கை கூசியது. "எங்கப்பா ஞாபகம் வருது" என்றார். அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவர் தனக்கு ரொட்டியும் அவளுக்குக் காய்கறியுமாக இரண்டு தட்டு வைக்கப் பழகினார்.

கீழே வேலை நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ரேடியோவோடு சேர்ந்து கொடி காட்டினாள். தான் இத்தனை வருஷம் தூக்கிய பாரங்கள் கீழிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. சில நாள் ரகசியமாக அழுதாள். மேனேஜர் அவசரப்படவில்லை, டாக்டரம்மாவும் அவசரப்படவில்லை. சர்க்கரை நிலையாக நிற்கிறது, தாழ்ந்து போவதில்லை, கொலஸ்ட்ராலும் இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் மேலே போகலாம் என்று டாக்டரம்மாவின் கையெழுத்து கிடைத்தது.

மறுபடி ஏறிய காலையில் காற்று பலமாக அடித்தது. கிரேனை ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. இறங்கச் சொன்னார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டு, அவள் கைப்பிடிகளைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மேல எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார் ரேடியோ.

"கூண்டு பெரிசா இருக்குடா."