விளக்கு நகரவே இல்லை

நான் பொய் சொன்னேன். செல்வமணியின் அளவீடு சரியென்று தெரிந்தே, தவறு என்று சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்...

நாங்கள் இருவரும் இலங்கையில் கொத்மலைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் அப்பா கண்டாக்கு, தேயிலை மலையில் தொழிலாளரிடம் வேலை வாங்கிய மேற்பார்வையாளர். அவள் அப்பா முதுகில் டாங்கியைச் சுமந்து தேயிலைக்கு மருந்தடித்தவர். பின்னாளில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்து வேலை செய்தோம். கார் எஞ்சினின் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சப்படும் பெட்ரோல் எப்படித் துளியாகச் சிதறுகிறது, எவ்வளவு தூரம் பாய்கிறது என்று நான் கணினியில் கணித்தேன். அவள் கண்ணாடிச் சன்னல் வைத்த சிலிண்டரில் விளக்கொளியைப் பாய்ச்சி, அதையே படம் பிடித்து அளந்தாள்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் பிஸ்டனைத் தொடாது என்றது என் கணக்கு. தொட்டால் அங்கே படிந்து புகைக்கும்.

“சின்னதொரை, ஒங்க கம்பியூட்டர்ல பெட்ரோல் மரியாதையா நடுவுலயே நின்னுருது! என் படத்துல பிஸ்டன் மேலயே குதிக்குதுங்க!”

கண்டாக்கு மகனைத் துரையாக்கிக் கேலி செய்வது அவளுக்குப் பிடிக்கும். எனக்கும்தான்... அந்தக் குரலுக்காகவே காலையில் சீக்கிரம் போவேன்.

“லைட்டு நகர்ந்திருக்கும், அதான் படம் தப்பாக் காட்டுது” என்றேன்.

“மருந்தடிச்சவரு மக நான். தெளிச்சது எங்க போயி விழும்னு எனக்குத் தெரியாதா?”

அவள் போனதும் கணக்கைத் திறந்தேன். துளிகள் எவ்வளவு விரைவில் உடைய வேண்டும் என்பதை அதில் ஓர் எண் தீர்மானிக்கும். சூடான எஞ்சினின் படங்களோடு பொருந்தட்டும் என்று அதை முன்பே மாற்றியிருந்தேன். பழைய எண்ணை இட்டு மறுபடி ஓட்டினேன். பெட்ரோல் பிஸ்டனில் மோதியது. அவள் படத்தில் மோதிய அதே இடத்தில்!

அந்த முடிவை அழித்துவிட்டேன்.

ஏன்? தொடாது என்று பெரிய சபைகளில் பேசிவிட்டிருந்தேன் என்பதாலா? கண்டாக்கு மகன் மருந்தடித்தவர் மகளிடம் தோற்பதா என்ற அற்ப எண்ணமா? ‘நீ சொன்னதுதான் சரி’ என்றிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவ்வளவுதானே!

மறுநாள் கூட்டத்தில், யாருடையது தவறு என்று ஆய்வுகூடத் தலைவர் கேட்டார். விளக்கு நகர்ந்துவிட்டது என்றேன். செல்வமணி வாதாடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள்... நான் சொன்னதை நம்பிவிட்ட பார்வை! அவளுக்கு வேலை நீட்டிப்புக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினாள்.

ஓய்வுக்குப் பின் நான் நானுஓயாவில் குடியேறினேன். ரயிலில் சில நிலையங்கள் தள்ளிப் பட்டிப்பொலவில் அவள் இருப்பதாக அறிந்து, எத்தனையோ தடவை ரயிலேறினேன். ஒருமுறையும் அங்கே இறங்கவில்லை. போன மாதம் இறங்கினேன். அதே ரயிலிலிருந்து மரக்கறிப் பையோடு அவளும் இறங்கினாள்.

“சின்னதொரையா! என்னங்க இப்புடி நரைச்சுட்டீங்க? வாங்க, வீடு பக்கத்துலதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

அந்த அழைப்புக்காக எத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன், தெரியுமா உங்களுக்கு?

பையைக் கை மாற்றிக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு அந்த லைட்ட எப்புடி அசைச்சேன்னு இன்னும் வெளங்கலங்க. தொட்ட ஞாபகமே இல்ல.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இன்னொரு நாள் வர்றேன்” என்றேன்.

திரும்பும் ரயில் வரும்வரை அவள் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றும் பட்டிப்பொலவுக்குச் சீட்டு வாங்கினேன். சட்டைப்பையில்தான் இருக்கிறது...