வடவம் தாளித்த மத்தியானம்

எங்கள் மாமன் பேசினால் பட்ட மரமும் தலையாட்டும் என்று எதிர்வீட்டு அத்தை சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமன் அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்பா சைகோனில் வேலைக்குப் போய்விட்டதால் எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை என்று இருந்தவர் அவர்தான். எங்கள் ஊர் புதுச்சேரிப் பக்கம், பாகூருக்குத் தெற்கே. கொல்லையைத் தாண்டினால் ஒரு வாய்க்கால். இந்தக் கரை பிரெஞ்சுக்காரன், அந்தக் கரை இங்கிலீஷ்காரன். மற்றவர்களுக்கு அது எல்லை, மாமனுக்கு அது கொல்லைப்புறக் கதவு. இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பிப் போலீஸ் தேடினால் ஒரே தாவலில் அந்தக் கரையில் நின்று வேட்டியை உதறிக் கட்டுவார். அந்தப் பக்கம் தேடினால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடிப்பார். தீப்பெட்டியும் பட்டுத்துணியும் அந்தக் கரைக்குக் கடத்துகிறார் என்று ஊருக்கே தெரியும். ஊரில் பாதி வீடு அதைத்தான் செய்தது, ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் கூண்டு வண்டி ஒன்று எங்கள் கொல்லைப் பக்கமாக வந்து நின்றது. மாமன் ஒரு பையனைப் போர்வையில் சுருட்டித் தூக்கி வந்து உள்ளறையில் கிடத்தினார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருப்பான். காதில் சிவப்புக்கல் கடுக்கன், வழவழவென்று சட்டை, அதைவிட வழவழப்பாக உள்ளங்கால். மண்ணே பட்டிராத ஒரு பாதத்தை நான் அன்றுதான் பார்த்தேன். சாமிப் படத்தில்தான் பாதம் அப்படி இருக்கும்.

மாமன் அம்மாவைக் கொல்லைக்கு அழைத்துப்போய் ஏதோ பேசினார். அம்மா திரும்பி வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை. மாமன் வேப்பங்கொத்துகளை ஒடித்து வந்து தெருவாசல் நிலைப்படியில் வரிசையாகச் செருகினார். பிறகு என்னிடம் குனிந்து, "பாப்பா, வூட்டுக்கு ஆத்தா வந்திருக்கா. ஆரு கேட்டாலும் அதத்தான் சொல்லணும். இன்னா?" என்றார்.

அம்மை வார்த்திருக்கிறதாம் பையனுக்கு. எனக்கு ஏற்கெனவே வார்த்து, மூக்கின் மேல் தழும்பு இருந்தது. அதனால் அவன் அருகே போக எனக்குத் தடையில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு முத்துக்கூட இல்லை.

"ஒண்ணும் காணோமே மாமா?"

"உள்ளம்மைடி. வெளிய தெரியாது."

அம்மாவைப் பார்த்தேன். அவள் மஞ்சளை அரைத்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

உள்ளம்மை என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே முத்துப்போட்டு வருகிற ஆத்தாவையே ஊர் அத்தனை பயபக்தியோடு கும்பிடுகிறது. உள்ளேயே தங்கிவிட்ட ஆத்தா எவ்வளவு பெரியவளாக இருக்க வேண்டும். அம்மை கண்டவர்களை நாங்கள் நோயாளி என்று பேச மாட்டோம். படுத்திருப்பது ஆத்தாதான், பேசுவதும் ஆத்தாதான். ஆகவே அன்றிலிருந்து நான் அந்தப் பையனை வாங்க போங்க என்றுதான் பேசினேன். இளநீர் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தேன். அவன் குடித்து வைத்த சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

அவன் சொன்னதெல்லாம் எனக்கு அருள்வாக்கு. தன் வீட்டில் சுவரில் ஒரு குமிழைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்றான். தண்ணீரைக் கல்லாக்கி மரத்தூளில் பொதிந்து மூட்டையில் கொண்டுவருவார்கள், அதைப் போட்டுத்தான் தான் குடிப்பது வழக்கம் என்றான். ஆத்தாவின் உலகத்தில் அப்படித்தான் இருக்கும் என்று கைகட்டிக் கேட்டேன்.

ஒருமுறை என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா கூடலூர்ல மணிலாக்கொட்டை மண்டி வச்சிருக்காரு. அவருகிட்ட போய் நான் இங்க இருக்கன்னு சொல்றியா?" என்று ரகசியமாகக் கேட்டான். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"உத்தரவு தாயே" என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். ஆத்தா கேட்பது எதுவும் நேர்ப்பொருளில் இருக்காது, பூசாரிதான் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பூசாரி பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கரையில், கூடலூரில் பெரிய மண்டிக்காரரின் ஒரே வாரிசை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்ற சேதி எங்கள் ஊருக்கும் வந்தது. தெருவே அதைப் பேசியது. எதிர்வீட்டு அத்தை தன் பிள்ளைகளை வாசலுக்கு விடவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் வந்து பேசவில்லை. வேப்பிலை செருகிய வீட்டுக்கு யார் வருவார்கள். பிச்சைக்காரனும் தள்ளிப் போனான். அது மட்டுமில்லை, ஒரு வீட்டில் ஆத்தா இருந்தால் எங்கள் தெரு முழுக்க அடக்கம்தான். எந்த அடுப்பிலும் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. ஆத்தாவுக்கு ஆகாது. எங்கள் ஒரு வீட்டுக்காக அத்தனை வீடும் வெறும் கூழும் மோருமாக நாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு காலை பாகூரிலிருந்து சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அந்தக் கரை கேட்டுக்கொண்டதால் இந்தக் கரையிலும் வீடு வீடாகத் தேடுகிறார்களாம். மாமன் நெற்குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். போலீஸ்காரர் எங்கள் வாசலுக்கு வந்ததும் வேப்பிலையைப் பார்த்தார். தொப்பி தானாகக் கழன்று கக்கத்துக்குப் போனது. செருப்பையும் கழற்றிவிட்டார்.

"ஆரும்மா, பெரியவங்களா, சின்னதா?"

"சின்னது" என்றாள் அம்மா. அவள் குரல் குதிருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல் உரக்க வந்தது.

"எங்க வூட்லயும் சின்னது ஒண்ணு இருக்குதும்மா. அதுக்கும் சேத்து வேண்டிக்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அரசாங்கமே எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது எனக்குத் தாங்கமுடியாத பெருமை. அம்மா மட்டும் கதவில் சாய்ந்து, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு அடுத்து ஒரு சாயங்காலம் மாமன் உற்சாகமாக வந்தார். கொல்லையில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மண்டிக்காரர் ஒத்துக்கிட்டாருக்கா. நாளைக்குப் பொழுது சாய ஆள் பணத்தோட வந்துடும்."

"அப்ப பையன நாளைக்கே வுட்டுருவியா?"

மாமன் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துப் பல்லில் கடித்தார். "எப்படிக்கா வுடறது. என் மொகத்தப் பாத்துட்டானே."

"அதுக்கு?"

"நீ உள்ள போ. ஒனக்கு அது வேணாம்."

அம்மா கையிலிருந்த தவலை அப்படியே நின்றது. மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தால் என்ன, மாமன் முகத்தைத்தான் நாங்கள் எல்லாரும் தினமும் பார்க்கிறோமே என்று நான் யோசித்தேன். மாமன் கறுப்பானாலும் களையான ஆள். பார்க்கக்கூடாத முகமில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. மாமன் தன் ஆளை எதிர்பார்த்துச் சாராயக்கடைப் பக்கம் போயிருந்தார். அம்மா பரணிலிருந்து வடவப் பானையை இறக்கினாள். எங்கள் பக்கத்து வடவம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வெங்காயமும் பூண்டும் கடுகும் உளுந்தும் இடித்து, உருண்டை பிடித்து, வெயிலில் நாள்கணக்காகக் காயப்போட்டு எடுத்து வைப்பது. ஒரு சிட்டிகை எண்ணெயில் விழுந்தால் மூன்று தெருவுக்குப் பசி எடுக்கும். அம்மா சிட்டிகை போடவில்லை. இரண்டு உருண்டையை உதிர்த்து, காய்ந்த நல்லெண்ணெயில் மொத்தமாகக் கொட்டினாள்.

"அம்மா, ஆத்தா வூட்ல இருக்காம்மா" என்றேன்.

"பொக கண்ணக் கரிக்குது. தெருக்கதவ நல்லாத் தொறந்து வுடுடி" என்றாள்.

நான் ஓடிப்போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். உள்ளறையில் பையன் எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

முதலில் எதிர்வீட்டு அத்தைதான் வெளியே வந்தாள். தெரு நடுவில் நின்று காற்றை மோந்தாள். அவளால் நம்பமுடியவில்லை. எங்கள் வாசல்வரை வந்து இன்னொரு முறை மோந்தாள்.

"அடி பாவி, ஒங்க வூட்டு ஆத்தாளுக்காக நான் என் வூட்டுக்காரனுக்கு வெறும் புளித்தண்ணிய ஊத்திக்கினு இருக்கன். அந்த மனுசன் என்ன மொறைக்காத நாளில்ல. நீ உள்ள குந்திக்கினு வடவம் தாளிக்கிறியா?"

தெரு கூடிவிட்டது. ஊரே கண்ணவிந்து போகும் என்றாள் ஒருத்தி. நேற்றிலிருந்து தன் மாடு தீனி எடுக்காததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றாள் இன்னொருத்தி. தாளிப்பு நடந்தது அப்போதுதான் என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள். "மறந்துட்டன், ஏதோ நெனப்புல மறந்துட்டன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆத்தாவின் கோபத்தைத் தணிக்க அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்த பூசாரியை ஆள் ஓடிப்போய் அழைத்து வந்தது. அம்மை வீட்டுக்குள் தயங்காமல் நுழையக்கூடியவர் அவர் ஒருவர்தான். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக உள்ளறைக்குப் போனார்.

போனவர் வெளியே வரும்போது பையன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த உச்சி வெயிலில் தெரு முழுக்க அவன் முகத்தைப் பார்த்தது. ஒரு முத்து இல்லை, ஒரு வடு இல்லை. பூசாரி மெதுவாகச் சொன்னார்: "கூடலூர்ப் புள்ளதாங்க இது. மண்டிக்காரர் புள்ள."

எண்ணெய்ச் சட்டி மட்டும் உள்ளே சீறிக்கொண்டிருந்தது. ஆத்தாவே மனிதக் குழந்தையாக மாறி வாசலில் நிற்கிறாள் என்றுதான் நான் எண்ணினேன். எனக்குக் கை தானாகக் குவிந்தது.

மாமனுக்குச் சேதி சாராயக்கடையிலேயே கிடைத்திருக்கிறது. ஓடியிருக்கிறார். சிவப்புத் தொப்பி வருகிறது என்றால் வாய்க்காலைத் தாண்டுவது அவர் காலுக்குப் பழக்கம். இந்த முறை முதலில் தேடத் தொடங்கியதே அந்தக் கரைக்காரர்கள்தான் என்பது காலுக்கு நினைவில்லை. தாவி இறங்கி வழக்கம்போல் வேட்டியை உதறிக் கட்டும்போதே பிடித்துவிட்டார்கள்.

மண்டிக்காரர் மோட்டார் வண்டியில் வந்தார். எங்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் மோட்டார் அதுதான். மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்து, அவ்வளவு பெரிய மனிதரும் அழுவாரா என்று தெரு அதிசயப்பட்டது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்க்கூட்டத்தில் அவளை ஆத்தா கோயிலுக்குக் கூழ் வார்க்கச் சொன்னார்கள், பொய்யாக வேப்பிலை செருகியதற்கும், செருகிய வீட்டில் தாளித்ததற்கும். மறுபேச்சில்லாமல் வார்த்தாள். தம்பியையே காட்டிக்கொடுத்த புத்திகெட்டவள், தாளிக்கக்கூடாது என்பதைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பேர் அவளுக்கு நிலைத்தது. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

மாமன் பிடிபட்ட அன்று மாலை அவள் அடுப்பு மூட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, தம்பி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுபோல் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. தெரியாமத்தான செஞ்ச. அடுத்த தபா மறக்காம இரு."

அம்மா திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரிடி" என்றாள். "இனிமே மறக்க மாட்டன்."

நான் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.