சட்டை நுனி

கனடாவில், மொன்றியலுக்கு வடக்கே காட்டுக்குள் தன்னார்வலர்கள் ஓட்டும் நீராவி ரயிலில் என் மகள் சனிக்கிழமைகளில் கரி போடுகிறாள். இன்று முதல்முறை நானும் ஏறினேன். வளைவொன்றில் அவள் எஞ்சினுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி எட்டிப் பார்த்தாள். பதறி நானும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அதே நேரம் என் கண்ணில் கரித்தூள் விழுந்தது.

அந்த எரிச்சல் என்னை வவுனியாக் காட்டு ரயிலுக்குக் கொண்டுபோனது. அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா கைலேஞ்சித் துணியின் நுனியில் சூடாக ஊதிக் கண்ணில் ஒற்றுவார்.

"கசக்காதை பிள்ளை."

மற்றக் கை, நான் ஜன்னலால் எட்டி விழுந்துவிடாமல், என் சட்டை நுனியைப் பிடித்திருக்கும். காடு முடியும்வரை விடமாட்டார்.

தரிப்பிடத்தில் மகள் கரி முகத்தோடு ஓடி வந்தாள்.

"அம்மா, அழுறீங்களோ?"

"கண்ணிலை கரி."

"நான் போட்ட கரிதான்," என்று சிரித்தாள். "இப்ப விடுங்கோ, ரயில் வெளிக்கிடப் போகுது."

அவள் சட்டை நுனி என் கையில் இருந்தது. விட்டேன். வீட்டில் இதை எழுதும்போதும் அந்த விரல்களில் கரி இருக்கிறது.