மேல் வயல் தண்ணீர்

உங்கள் சித்தப்பா மேல் எனக்குப் பொறாமை உண்டு, பிள்ளைகளா. அவன் நல்லவன்தான். அதனால் பொறாமை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நம் வயலும் அவன் வயலும் பாகம் பிரித்த ஒரே துண்டு. நம்முடையது மேலே, அவனுடையது கீழே, ரோட்டை ஒட்டி. குறைந்த தண்ணீரில் நெல் விளைவிக்கும் திட்டம் வந்தபோது இருவருமே சேர்ந்தோம். இருவர் வயலிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கும்வரை வயலைக் காயவிட வேண்டும், பிறகுதான் பாய்ச்ச வேண்டும். பணம் கொடுப்பது வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் பார்க்க வரும்போதெல்லாம் கார் ரோட்டில் நிற்கும். அவன் வயலைப் பார்ப்பார்கள், அவனோடு போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களில் ஒரு அம்மா தன் ஊருக்குப் போன பிறகும் அவன் மாடு கன்று போட்டதா என்று விசாரித்தாராம். அதே வாரம் நம் மாடும்தான் கன்று போட்டது.

போன தடவை அவர்கள் வருவதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. திட்டத்தில் வேலை பார்க்கும் பெண் வண்டியில் வந்து இறங்கியது.

"அண்ணே, உங்க தம்பி வயல் காஞ்சு வெடிச்சு இருக்கணும். வர்றவங்க அதைத்தான் பார்ப்பாங்க. மேல மடையை அடைச்சு வச்சுக்குங்க."

"என் தண்ணி அவன் வயல் வழியாத்தானே வடியும்?"

"கொஞ்ச நாளைக்குத்தாண்ணே."

"என் வயலையும் ஒரு தடவை காட்டேம்மா."

"பார்ப்போம்ண்ணே."

அடைத்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. அவன் வயல் ரோட்டோர வடிகாலில் வடிந்து, காய்ந்து, வெடித்தது. நம் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது.

அவர்கள் வந்த அன்று அந்த அம்மா வெடிப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"மேல் வயல் யாரோடதுன்னு கேக்குறாங்க," என்றது அந்தப் பெண்.

"எங்க அண்ணனோடது," என்றான் உங்கள் சித்தப்பா.

அந்த அம்மா வரப்பில் ஏறி நம் வயலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன். பாதி வழியில்தான் தண்ணீர் ஞாபகம் வந்தது.

குழாயே வெளியே தெரியவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே என்னிடம் சொன்னது: "நீங்க காயவிடுற முறையை விட்டுட்டீங்களான்னு கேக்குறாங்க."

உண்மையைச் சொன்னால், காட்டுவதற்காகவே அவன் வயலைக் காய வைத்தது தெரிந்துவிடும். திட்டமே போனாலும் போகும். சொல்லாவிட்டால், திட்டத்தில் சொன்னபடி செய்யாதவன் என்று எனக்குப் பேர். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணன் ஒண்ணும் விடலைங்க. என் வயல் காயணும்னு தன் வயல்ல தண்ணிய நிறுத்திக்கிட்டாரு. மறைக்காம அப்படியே சொல்லு பாப்பா."

அந்தப் பெண் அப்படியே சொன்னது. அந்த அம்மா கொஞ்ச நேரம் இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம், யாரும் எதையும் எங்களுக்காக ஜோடிக்க வேண்டாம் என்றார். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறைக்காமல் சொன்னதற்காம்.

தண்ணீர் நம்முடையது. அடைத்தது நான். நான் சொல்ல வேண்டியதையும் அவன் சொல்லி, பேரையும் வாங்கிக்கொண்டான்.

கார் போனதும் மண்வெட்டியோடு வந்தான். "வாண்ணே, மடையைத் திறந்துவிடுவோம்."

"நானே வெட்டிக்கிறேன், போடா."

அகலமாகவே வெட்டினேன். நம் தண்ணீர் அவனுடைய வெடிப்புகளுக்குள் இறங்கி, அவை ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.