படிக்க முடிந்தது என்று ஒரு கைநாட்டு

ஹெப்சிபாவைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கோபம் வராது. நாற்பத்தொரு வயதுக்குள் அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள்! ஒவ்வொன்றுக்கும் கோபப்பட்டால் உடம்பு தாங்குமா? அவளுக்குக் கோபம் வருகிற இடம் வேறு. கண் தெரியாதவர்களுக்காகவே செய்தோம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கண் தெரியாதவரால் அதைத் தொடக்கூட முடியாது. நீட்டிவிட்டு, நன்றி சொல்வாள் என்று நிற்பார்கள். அங்கே வரும். அப்படி வந்த ஒரு கோபத்தைத்தான் சொல்லப்போகிறேன். சொல்கிற எனக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வாடிப்பட்டியில் பிறந்தவள். அப்பா ஆசீர்வாதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குப் பார்வை போனது. வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன சொந்தக்காரர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவர் மகளை மதுரையில் விடுதியுள்ள பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரெய்லி படித்தாள், பி.ஏ. முடித்தாள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகப் பதினோரு வருஷம் இருந்தாள். ஆஸ்பத்திரியின் அத்தனை எக்ஸ்டென்ஷன் நம்பரும் மனப்பாடம். ஒருநாள் அவள் இடத்தில், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று சொல்லும் இயந்திரத்தை வைத்தார்கள். அவளுக்குக் கேக் வெட்டி வழியனுப்பினார்கள்.

வேலை போன வருஷம்தான் கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொண்டாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இயக்கச் சொல்லித்தரும் பாடங்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எல்லாம் இங்கிலீஷில். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மூச்சுவிடாமல் பேசுவார். அவள் ஒரே பாடத்தை இருபது முறை ஓட்டிக் கேட்பாள். தட்டுத்தடுமாறித் தேறியதும் சும்மா இருக்கவில்லை. ஐந்து ஐந்து நிமிஷப் பாடமாகத் தமிழில் தானே பேசி வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தாள். வீடு அவனியாபுரத்தில். விமானம் இறங்கும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டு, சத்தம் போனபின் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். கணவர் ஆன்சன் அந்த நேரத்தில் மிக்சியைப் போட மாட்டார். நூற்றிருபது பாடம் ஆயிற்று. கேட்கிறவர்கள் எல்லாருக்கும் அவள் டீச்சரம்மா.

சின்னச்சாமி அந்தக் குழுவில் இல்லை. இருக்கவும் முடியாது, அவரிடம் இருப்பது பட்டன் போன். திருவாதவூரில் கொஞ்சம் வயல், ஐம்பத்துநாலு வயது. சர்க்கரை வியாதியில் மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டன. அடையாள அட்டை முகாம் ஒன்றில் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பழக்கம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும், ஹெப்சிபா சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். நம்பர் போட்டுக் கொடுப்பது அவர் மனைவி முனியாயி. முனியாயிக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது.

சிக்கல் அந்த எழுத்தில்தான் இருந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் பவதாரிணிக்குக் கம்பெனியில் போன் பேச முடியாது, வீட்டில் பேசினால் மாமியார் காது நீளும். அதனால் மெசேஜ் அனுப்புவாள். அதை டீக்கடையில் யாரிடமாவது கொடுத்துத்தான் இவர் படிக்கச் சொல்ல வேண்டும். போன சித்திரையில், புருஷன் கைநீட்டியதைப் பற்றி எழுதியிருந்தாள். டீக்கடைக்காரர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து பாதியில் குரலைத் தாழ்த்தினாராம். அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டாகிவிட்டது.

"எம் மக எனக்கு மட்டும்னு எழுதுனத ஊரே கேட்டுருச்சு டீச்சரம்மா," என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை.

அவருக்கு வேண்டியது ஒரு பேசும் போன். மகள் எழுதுவது தன் காதில் மட்டும் விழ வேண்டும். இதற்குமேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெற்குவாசல் பக்கம் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் ஹெப்சிபாவைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு விளம்பரம். சென்னையில் ஒரு கம்பெனி பணம் கொடுக்கிறதாம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எங்கே கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் தமிழில் ஒரே இடத்தில் சொல்லும் இணையதளம் ஒன்று வரப்போகிறது. கூடவே ஐம்பது பேருக்குப் பேசும் போன். பார்வையில்லாதவர்களால் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம். வேலை போனபிறகு முதல்முறையாக அவளுக்குத் தெரிந்த விஷயத்துக்காக ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலிக்காரர்கள் யாரும் நம்ம ஆபீசுக்கு வருவதே இல்லை என்று அங்கே ஒருவர் ஆச்சரியப்பட்டாராம். வருவார்களா, பறந்தா?

ஒருங்கிணைப்பாளர் சாய்பிரசாத் வெண்ணெய் போலப் பேசுகிறவர். வாய்க்கு வாய் மேடம். ஒன்பது மாதம் அவளுக்குச் சோதிக்க எதுவும் தரவில்லை. போட்டோ மட்டும் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன் ஒன்று, கம்பெனிக்காரர்களோடு ஒன்று, வெள்ளைக் கோலோடு வாசலில் ஒன்று. ஒருநாள் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து, போட்டுக்கொண்டால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்றார்கள். வாழ்நாளில் கறுப்புக் கண்ணாடி போடாதவள் அவள். தளம் எங்கே என்று கேட்கும்போதெல்லாம், டிசைன் ஓடிக்கிட்டு இருக்கு மேடம் என்பதே பதில்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் தளத்தை அவளிடம் காட்டினார்கள். கூடவே ஒரு சான்றிதழ்த் தாள். பார்வையற்ற பயனாளியாகிய நான் இத்தளத்தை என் கருவியில் பயன்படுத்திப் பார்த்தேன், எல்லாப் பக்கங்களையும் படிக்க முடிந்தது என்று ஒரு வாசகம், கீழே கையெழுத்துக்கு இடம். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் கம்பெனியிலிருந்து கடைசித் தவணை வரும். அவள் வேலையையும் நிரந்தரமாக்கலாம் என்று சாய்பிரசாத் ஜாடையாகச் சொன்னார்.

ஹெப்சிபா தளத்தைத் திறந்தாள். அவள் கம்ப்யூட்டர் படித்தது: படம், படம், பொத்தான், பொத்தான், படம். என்ன படம், எதற்குப் பொத்தான் என்பதற்கு ஒரு சொல் இல்லை. சரி, முக்கியமானது கையேடுதானே என்று அதைத் திறந்தாள். அறுபது பக்கம். கருவிகளைப் பற்றிய அத்தனை விவரமும் அதில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் படித்தது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் அடிக்கிற டிடிபி கடையில் கொடுத்துப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குக் கீழேயும் ஓர் இங்கிலீஷ் எழுத்து ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தமிழ் தெரியும். கண் இல்லாதவருக்குப் படித்துக் காட்டும் இயந்திரத்துக்கோ அந்த இங்கிலீஷ் எழுத்துகள்தான் அகப்படும். பார்வையற்றோருக்கான கையேடு, பார்வை உள்ளவர் மட்டும் படிக்கிற மாதிரி. அறுபது பக்கமும் ஜேகேபிஓ.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. புது எழுத்துருவுக்கு மாற்றித்தரும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிழை பார்க்க ஒருநாள் சேர்த்தால் விழாவுக்கு முன்னால் முடிந்துவிடும். தானே உட்கார்ந்து செய்வதாகச் சொன்னாள். சாய்பிரசாத் மறுத்தார். மாற்றினால் பக்க அமைப்புக் கலைந்துவிடுமாம், கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

"பாக்குறதுக்கு அம்புட்டு அழகா வந்திருக்கு மேடம்," என்றார்.

"யாரு பாக்குறதுக்கு?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

சாய்பிரசாத் பேனாவை அவள் கையில் வைத்தார். அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் அவளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மெயில் வந்தது. மெயில் மட்டும் அவள் கம்ப்யூட்டர் படிக்கிற எழுத்தில் ஒழுங்காக இருந்தது.

ஆன்சன் அவளைக் குறை சொல்லவில்லை. அப்பா மட்டும் வாடிப்பட்டியிலிருந்து போன் செய்து, ஒரு கையெழுத்துத்தானே என்று இழுத்தார். அவள் போனை வைத்துவிட்டாள். தான் போடாவிட்டால் திறப்பு விழா தள்ளிப்போகும், கையேட்டைத் திருத்துவார்கள் என்று நம்பினாள். வெள்ளிக்கிழமை விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பத்திரிகையில் படம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னச்சாமி கூப்பிட்டார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். திருவாதவூருக்கே கார் அனுப்பி அழைத்துப்போனார்களாம். சால்வை போர்த்தினார்களாம். சாம்பாரும் வடையுமாகச் சாப்பாடு. ஒரு பேப்பரில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள், போன் எப்போது வரும் டீச்சரம்மா என்று கேட்டார். பேசும் போனுக்கு அவர் பெயரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவள் ஹெப்சிபாதான். அந்த விண்ணப்பப் பட்டியலைப் பார்த்துத்தான், அவள் போடாத கையெழுத்துக்குப் பதிலாக இவரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. என்ன பேப்பர் என்று அவள் கேட்கவில்லை. சீக்கிரம் வரும் அண்ணே என்று சொல்லி வைத்தாள்.

சான்றிதழைத் தளத்திலேயே ஏற்றியிருந்தார்கள். அவள் கம்ப்யூட்டர் அதைப் படம் என்றது. ஆன்சன்தான் படித்துக் காட்டினார். அதே வாசகம், ஓர் எழுத்து மாறவில்லை. கீழே சின்னச்சாமியின் பெயரும் பெருவிரல் ரேகையும். என் கருவியில் பயன்படுத்திப் பார்த்தேன்! அந்தக் கருவி இல்லாமல்தான் அந்த மனிதர் மகளின் கண்ணீரை டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

மூன்று வாரத்தில் போன் பட்டியல் வந்தது. சென்னைக் கம்பெனியில் விண்ணப்பங்களை ஒழுங்காகத்தான் சரிபார்த்திருக்கிறார்கள். சின்னச்சாமியின் பெயருக்கு எதிரே காரணம் எழுதியிருந்தது: இதே வசதியுள்ள கருவியை ஏற்கெனவே பயன்படுத்துபவர், அவரே அளித்த சான்று இணைக்கப்பட்டுள்ளது, நிராகரிக்கப்படுகிறது.

ஹெப்சிபா சாய்பிரசாத்தை அழைத்தாள். அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம் என்றார், அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்தார். அதற்குப்பின் எடுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சேவைக்கான விருது கொடுக்கிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று மாலையே புகார் மனுவை எழுதி முடித்தாள். கம்பெனிக்கு ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒன்று. சின்னச்சாமி பெயரில் போக வேண்டிய மனு என்பதால் அவரை வரச்சொன்னாள். மறுநாள் அவரும் முனியாயியும் இரண்டு பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் வந்து சேர்ந்தார்கள். நடந்ததை எல்லாம் ஹெப்சிபா சொன்னாள். சின்னச்சாமி, வச்சது என் கைதானே, யாரைக் குத்தம் சொல்ல என்றார். முனியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கையெழுத்து வாங்குவதற்கு முன் மனுவை முழுதாக அவர் கேட்க வேண்டும் என்றாள் ஹெப்சிபா. கம்ப்யூட்டரைச் சத்தமாகப் படிக்க விட்டாள். தேதி, முகவரி, விழா, கார், சால்வை எல்லாம் வந்தது. விவரம் அறியாத ஏழை விவசாயியான என்னிடம் ஏமாற்றிக் கைநாட்டுப் பெற்றுள்ளனர் என்ற வரி வந்ததும் சின்னச்சாமி கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"விவரம் அறியாதவன்னு யாரு எழுதுனது?"

"நான்தாண்ணே."

"அத எடுத்துருங்க. பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு நான் கேட்டேன் டீச்சரம்மா. ரெண்டு தடவை கேட்டேன். ஒங்களுக்கு நல்லதுதான்னு கையப் புடிச்சு மையில அமுக்குனாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவன் நான். பேனா குடுங்க, எடத்தத் தொட்டுக் காமிங்க, கையெழுத்தே போடுறேன்னேன். அதுக்கு நேரமில்லைன்னுட்டாங்க."

ஹெப்சிபாவுக்கு முகம் சுட்டது. அத்தனை கோபத்தோடு உட்கார்ந்து எழுதிய அவளும் அவரிடம் கேட்காமல்தான் எழுதியிருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். அந்த வரியை அழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள்: என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை கேட்டேன். எனக்குப் படித்துக் காட்டவில்லை.

ஆன்சன் அச்செடுத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, சின்னச்சாமியின் விரலை அதன்மேல் கொண்டுபோய் வைத்தார். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். உடனே போடவில்லை.

"முழுசா இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுங்க," என்றார்.