இன்னும் பதம் வரல

என் கதைகளைப் படிக்கிற ஒருவர் கணவராக வாய்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பிறந்த வீட்டில் யாரும் அவற்றைப் படித்ததில்லை. கல்லூரி நாட்களில் வாரப் பத்திரிகைகளில் இரண்டு மூன்று கதைகள் வந்திருந்தன. அவர் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பெண் பார்க்க வருவதற்கு முன்பே அவற்றில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தார். "கதை நல்லாயிருந்தது. முடிவுலதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க" என்றார். இப்படிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று அன்றைக்குப் பூரித்துப்போனேன்.

இரண்டாயிரம் பிறந்த சமயம், மாடம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியேறினோம். எனக்கு எழும்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. தாம்பரத்திலிருந்து புறப்படுகிற ரயிலில், லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுவேன். அங்கேதான் எழுத்து. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்தவளின் முழங்கை இடித்து வரி கோணிக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்து அதை நல்ல தாளில் நகலெடுத்து அவரிடம் கொடுப்பேன்.

அவர் பென்சிலால்தான் குறிப்பார். அழுத்தாமல், அழகான கையெழுத்தில். ஒரு நாளும் கோபப்பட்டதில்லை, கேலி செய்ததில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தாளைத் திருப்பித் தரும்போது, "இன்னும் பதம் வரல. கொஞ்ச நாள் ஊறட்டும்" என்பார். நானும் ஊறப் போட்டேன்.

அம்மா போன பிறகு நானும் கேளம்பாக்கத்தில் இருக்கிற அக்காவும் அம்மாவின் புடவைகளைப் பிரித்துக்கொண்டதைக் கதையாக எழுதினேன். பட்டுப் புடவைகளைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. சமையலறையில் அம்மா உடுத்திய ஒரு பழைய நைலக்ஸ் புடவைக்குத்தான் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தோம். கடைசியில் அக்கா அதை மடித்து என் பையில் திணித்துவிட்டுப் போனாள். அழுகை அதிகம் என்றார் அவர், அழுகையை எடுத்தேன். அக்கா கதாபாத்திரம் தட்டையாக இருக்கிறது என்றார், மாற்றினேன். பிறகு அந்தப் புடவையே மலிவான குறியீடு என்றார். அதையும் எடுத்தேன். புடவை இல்லாமல் இரண்டு பெண்கள் ஒரு பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அதற்குள் அவரிடம் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. ரயிலில் ஒரு வரி எழுதும்போதே அவர் என்ன சொல்வார் என்று காதில் கேட்டுவிடும். நானே அடித்துவிடுவேன். பல நாள் சைதாப்பேட்டை தாண்டியும் தாளில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய இலக்கிய நண்பர்கள் வருவார்கள். அப்படி ஒரு நாள் நான் உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஒருவர், "வீட்ல எழுதுவாங்கன்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டார்.

"எழுதுறா. ஆனா எதையும் அனுப்ப மாட்டா" என்றார் இவர். "தன் எழுத்து போதாதுன்னு தெரியறது எல்லாருக்கும் வராது. அவளுக்கு அது வந்துடுச்சு."

குரலில் அவ்வளவு பெருமை. மற்றவர்கள் ஆமோதித்தார்கள். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவர் சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். நான் எழுதாமல் போனதைத்தான் அவர் என் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது, காலி டம்ளர்களைக் கழுவும்போதுதான் உறைத்தது.

மறுநாள் ரயிலில் அந்தப் புடவைக் கதையை முதலிலிருந்து எழுதினேன். பழைய தாள்களைப் பார்க்கவில்லை. அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது. நடுவில் தொய்வு இருந்தது, ஒரே வார்த்தை அடுத்தடுத்து வந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. நகல்கூட எடுக்காமல் மதிய இடைவேளையில் தபாலில் போட்டேன்.

பல மாதம் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், இப்பல்லாம் ஒரு பக்கக் கதைதான் போடுறோம். அதுக்கு ஏத்த மாதிரி கட் பண்ணிக்கிட்டோம்" என்றாள். நான் ஊறப் போட்டிருந்த காலத்தில் நீளக் கதைகளுக்கான பக்கங்களை சினிமாப் படங்களும் நகை விளம்பரங்களும் எடுத்துக்கொண்டிருந்தன. சரி என்றேன்.

வெட்டுப்பட்டது கதையின் கடைசிப் பகுதி. அக்கா புடவைக்குச் சண்டை போடுவதோடு கதை நின்றுவிட்டது. அவள் அதை என் பையில் திணித்தது அச்சில் இல்லை. அக்கா போன் செய்து, "நான் அவ்ளோ கேவலமாவா நடந்துக்கிட்டேன்?" என்று மட்டும் கேட்டாள். வெட்டியது அவர்கள்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதன் பிறகு விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் பேசுவதோடு சரி.

அவருக்குப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். அச்சான பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தார்.

"அச்சாயிடுச்சுங்க. இனிமே யாருக்குத் திருத்துறீங்க?" என்றேன்.

"அடுத்த கதைக்கு உதவும்ல. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"இத்தனை வருஷத்துல நீங்க ஒரு கதையாவது எழுதியிருக்கீங்களா?"

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று மாடிக்குத் துணி எடுக்கப் போனார். அந்தக் கேள்வி அவருக்கு வலித்தது தெரிந்தது. எனக்கு வருத்தம் வரவில்லை. வராததுதான் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது.

அதன் பிறகு எழுதியதையெல்லாம் எழுதிய சூட்டிலேயே அனுப்பினேன். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். சிலது சுமாராக இருக்கும். சிலது உண்மையிலேயே மோசம். அச்சில் பார்த்தால் எனக்கே கூசும். இருந்தாலும் அனுப்புவதை நிறுத்தவில்லை. ஆரம்பத்தில் தான் கண்டிப்பாக இருந்ததால்தான் நான் இப்போது எழுதுகிறேன் என்று அவர் நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அந்த வருஷங்களில் தொடங்கி அடித்துப்போட்ட கதைகளை இப்போது எழுதலாமே என்று அவ்வப்போது உட்கார்வேன். அவற்றில் இருந்த ஆட்களின் முகம் வருவதில்லை. ஒரு கதைக்கு மட்டும் தலைப்பு ஞாபகம் இருக்கிறது. அது யாரைப் பற்றியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.